ஷவர் பம்பு ஒழுகினால் சீல் விற்பதா, பம்பு விற்பதா?

குளியலறை ஷவரில் தண்ணீர் வேகமாகக் கொட்ட வேண்டும் என்பதற்காகப் பொருத்தப்படும் சிறு பிரஷர் பம்புகள் ஒரு காலத்தில் ஹோட்டல்காரர்களும் பங்களாக்காரர்களும் மட்டும் கேட்டு வாங்கிய சரக்கு. இன்று இரண்டு படுக்கையறை வீடு கட்டுபவரும் கேட்கிறார். நமது ஹார்டுவேர், எலக்ட்ரிகல், பைப் வியாபார உறுப்பினர்களில் பலர் இதனால் நல்ல வியாபாரம் பார்த்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் விற்ற பம்புகளுக்கு வயதாகத் தொடங்கிவிட்டது. "பம்புல தண்ணி ஒழுகுது" என்று கடை வாசலில் வந்து நிற்பவர்கள் அதிகரித்து வருகிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பற்றி இந்த இதழில் சற்று மனம் விட்டு எழுத விரும்புகிறோம்.

பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் பதில் ஒன்றே: "பழசாயிடுச்சு சார், மாத்திடுங்க." பம்பைக் கண்ணால் பார்க்காமலே, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமலே சொல்லப்படும் பதில் இது. இது சரியல்ல என்பது நம் கருத்து. தர்மம், புண்ணியம் என்ற கணக்கில் சொல்லவில்லை. வியாபாரக் கணக்கிலேயே சரியல்ல என்கிறோம்.

முதலில் சரக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம். பம்பு விற்கும் உறுப்பினர்களுக்கு இது தெரிந்த விஷயமே. ஆனால் கல்லாவில் உட்காரும் பிள்ளைகளும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களும் இதழைப் படிக்கிறார்கள் என்பதால் எழுதுகிறோம்.

தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டிக்கும் மேல்தளத்துக் குளியலறையின் ஷவருக்கும் இடையே நம் வீடுகளில் இருப்பது இரண்டு அல்லது மூன்று மீட்டர். அதாவது 0.2 அல்லது 0.3 பார். பழைய பித்தளை ஷவருக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது விற்கும் அகலமான மழை ஷவர்களுக்கும், சூடு குளிர் கலக்கும் டைவர்ட்டர்களுக்கும் அது போதாது. ஆகவே பம்பு வந்தது. இங்கிலாந்தில் கூரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்த பழைய வீடுகளிலும் இதே தொல்லைதான். அங்கே சுடுதண்ணீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் சேர்த்து, ஒரே மோட்டாரில் இரண்டு இம்பெல்லர் வைத்த ஷவர் பம்பு விற்கிறார்கள். இங்கே நாம் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயிலேயே ஒரு பம்பைப் போட்டு வீடு முழுவதற்கும் அழுத்தம் ஏற்றிவிடுகிறோம்.

இப்படி நாம் விற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குழாயோடு குழாயாக உட்காரும் நூறு, நூற்றைம்பது வாட் சிறு பூஸ்டர். இதில் ரோட்டாரே தண்ணீருக்குள் சுற்றும், சீல் கிடையாது. இன்னொன்று, அரை எச்.பி. அல்லது ஒரு எச்.பி. மோட்டாரோடு பிரஷர் டேங்க்கோ, எலக்ட்ரானிக் கன்ட்ரோலரோ பொருத்திய பம்பு. இதில் மோட்டார் வெளியே காய்ந்த இடத்திலும் இம்பெல்லர் தண்ணீருக்குள்ளும் இருக்கும். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் வெளியே வராமல் காப்பதுதான் மெக்கானிக்கல் சீல். ஒழுகல் என்று வரும் புகார்களில் நாம் அதிகம் காண்பது இந்தச் சீலைத்தான்.

சீல் என்பது பெரிய மர்மம் அல்ல. ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு வளையம், பம்பு உடலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு வளையம். பெரும்பாலும் ஒன்று கார்பன், மற்றது செராமிக். ஒரு ஸ்பிரிங் இரண்டையும் நெருக்கிப் பிடிக்கும். கண்ணாடி போல மெருகேற்றிய அந்த இரு முகங்களுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அதுதான் எண்ணெய், அதுதான் குளிர்ச்சி. தொட்டியில் தண்ணீர் தீர்ந்து பம்பு காய்ந்து ஓடினால் சில நிமிடங்களிலேயே முகங்கள் சூடேறிக் கீறல் விழும், ரப்பர் கருகும். அன்றே ஒழுகாவிட்டாலும் அடுத்த மாதம் ஒழுகும். உப்புத் தண்ணீர் ஊர்களில் காய்ந்து ஓடவே தேவையில்லை. பம்பு நின்றிருக்கும் நேரத்தில் சுண்ணாம்பு படிந்து, மறுபடி ஓடும்போது முகத்தைத் தேய்த்துவிடும்.

நம் பெரியவர்கள் விற்ற பழைய பம்புகளில் சீலுக்குப் பதில் கிளாண்ட் கயிறுதான் இருந்தது. அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிவதுதான் சரியான நிலை, கசியாமல் இறுக்கினால் ஷாஃப்ட் தேய்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில் "பம்புன்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்று இன்றும் சில மெக்கானிக்குகள் வாடிக்கையாளரை அனுப்பிவிடுகிறார்கள். சீல் வைத்த பம்புக்கு இது பொருந்தாது. அதில் சொட்டு விழத் தொடங்கினால் சீல் போய்விட்டது என்று பொருள். தள்ளிப் போட்டால் அந்தத் தண்ணீர் ஷாஃப்ட்டோடு நகர்ந்து முன்பக்கப் பேரிங்குக்குள் போகும். பேரிங் துருவேறிச் சத்தம் போடும். பிறகு வைண்டிங் நனையும். சீல் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை பேரிங், காயில் கட்டுதல் என்று வளர்ந்து, கடைசியில் பம்பின் விலையைத் தொட்டுவிடும். பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஈர மோட்டாரில் எர்த் சரியில்லாமல் இருந்தால், குழாயைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கலாம். பம்பு லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்பது நம் கடமை. இல்லையென்றால் அதையும் நாமே விற்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒழுகல் என்று வருபவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே. பம்பைத் துணியால் துடைத்து, சுற்றிலும் பழைய செய்தித்தாளைப் பரப்பி, ஓடும்போதும் நின்றபிறகும் பார்க்கச் சொல்ல வேண்டும். மோட்டாருக்கும் பம்பு உடலுக்கும் இடைப்பட்ட சந்திலிருந்து சொட்டினால் சீல். யூனியனில் இருந்து என்றால் வாஷரோ டெஃப்லான் டேப்போ போதும். இரு பாதி உடல் சேருமிடத்தில் கசிந்தால் கேஸ்கெட் அல்லது ஓ-ரிங். வார்ப்பிலேயே விரிசல் என்றால்தான் பம்பு போன கணக்கு. ரோட்டார் தண்ணீருக்குள் சுற்றும் சிறு பூஸ்டரில், யூனியனும் ஓ-ரிங்கும் நன்றாக இருந்தும் மோட்டார்ப் பக்கத்தில் ஈரம் கண்டால் அதைப் பிரித்துப் பார்த்துக் காலத்தைக் கழிக்க வேண்டாம், மாற்றுவதே மேல்.

இதில் பம்பின் மேல் விழும் பொய்ப் பழிகளும் உண்டு. ஷவர் பம்பு போட்ட சில நாட்களில் "ஒழுகுது" என்று வருபவரின் வீட்டில் பல சமயம் ஒழுகுவது பம்பு அல்ல, கீசரின் சேஃப்டி வால்வு. 0.3 பாரில் இருந்த கீசர் திடீரென்று 2, 3 பார் அழுத்தத்தைப் பார்க்கிறது. தண்ணீர் சூடேறி விரியும்போது பம்பின் என்.ஆர்.வி. தடுப்பதால் அதற்குப் பின்னால் போக வழியில்லை, வால்வு வழியாகச் சொட்டுகிறது. அது தன் வேலையைச் செய்கிறது. அதை அடைத்துவிடும் பிளம்பர்களும் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டால் வயிறு கலங்குகிறது. பம்பு விற்கும்போதே கீசரின் மேல் எழுதியிருக்கும் அழுத்த அளவைப் பார்த்துவரச் சொல்வது நல்லது.

இன்னொன்று, யாரும் குழாயைத் திறக்காதபோது பம்பு அடிக்கடி விட்டு விட்டு ஓடுவது. பம்பில் கோளாறு என்று கொண்டு வருவார்கள். பெரும்பாலும் கழிவறை ஃபிளஷ் டேங்கின் வாஷர் கசிந்திருக்கும், அல்லது என்.ஆர்.வி.யில் மண் சிக்கியிருக்கும், அல்லது பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கும். காற்றை, டேங்கில் தண்ணீரை வடித்துவிட்டு, சைக்கிள் பம்பாலேயே அடித்துவிடலாம். இந்த மூன்றுக்கும் புதுப் பம்பு விற்றவர்கள் உண்டு. புதுப் பம்பும் மறுநாளே விட்டு விட்டு ஓடும், வாடிக்கையாளர் அதே கடைக்கு வேறு முகத்தோடு வருவார்.

இனி, உறுப்பினர்கள் நம்மிடம் நேரில் சொல்லும் மறுப்புகளுக்கு வருவோம். அவற்றில் நியாயமும் இருக்கிறது.

"ஒரு சீல் விற்றால் பத்து இருபது ரூபாய் நிற்கும். அதற்கு அரை மணி நேரம் பேச வேண்டும். பம்பு விற்றால் சில நூறு நிற்கும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்" என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் நாளைய வியாபாரம் சேரவில்லை. மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் பம்பை நம் பேச்சைக் கேட்டு வாங்கிப்போனவர், பழைய பம்பைக் காயலான் கடைக்குப் போடும்போது அங்கே ஒருவர் "இதுல சீல் மட்டும்தானே போச்சு" என்று சொன்னால் என்ன ஆகும்? அவர் நம்மிடம் சண்டைக்கு வரமாட்டார். அடுத்த முறை ஸ்விட்ச் போர்டோ, குழாயோ, பெயிண்ட்டோ வாங்கக் கைபேசியை எடுப்பார். பம்பு விலையில் ஆன்லைன்காரர்களோடு நாம் போட்டி போட முடியாத நாட்கள் வந்துவிட்டன. அவர்கள் போடும் சில விலைகள் நமக்கு டிஸ்ட்ரிபியூட்டர் போடும் பில்லுக்கும் கீழே இருக்கின்றன. தேய்ந்த சீலைக் கையில் வாங்கிப் பார்த்து, இது காய்ந்து ஓடிய தேய்மானம், தொட்டியில் ஃப்ளோட் சுவிட்ச் போடாவிட்டால் புதுச் சீலும் போய்விடும் என்று சொல்ல அவர்களால் முடியாது. நம் கடையில் முடியும். அந்த ஒரு பேச்சில் ஃப்ளோட் சுவிட்ச்சும் விற்பனையாகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கம்பெனி ஸ்கீம்களைப் பற்றி எழுதாமல் விட முடியாது. மார்ச் மாதத்துக்குள் இத்தனை பம்பு எடுத்தால் தங்கக் காசு, இத்தனை எடுத்தால் வெளிநாட்டுச் சுற்றுலா என்று இலக்கு வைக்கிறார்கள். இலக்கை எட்ட இருபது பம்பு குறைகிறது என்ற நிலையில் இருக்கும் கடைக்காரரிடம் சீல் கேட்டு வருபவருக்குச் சீல் கிடைக்காது. இது கடைக்காரரின் குற்றம் மட்டுமல்ல. எந்தக் கம்பெனியாவது இத்தனை சீல், இத்தனை கேஸ்கெட் விற்றால் பரிசு என்று ஸ்கீம் போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பிளம்பர் கமிஷனும் அப்படித்தான். பம்பு மாற்றினால் கமிஷன், சீல் மாற்றினால் கூலி மட்டும் என்று நாமே பழக்கி வைத்திருக்கிறோம். பிறகு அவர்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று குறைபடுகிறோம். சீல் மாற்றத் தெரிந்த இரண்டு மெக்கானிக்குகளின் பெயரைக் கடையில் எழுதி வைத்து, அவர்களுக்குக் கட்டுப்படியாகும் கூலியை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதித் தகராறு குறையும். திறமையான கைக்கு அரைமணி முதல் ஒரு மணி நேர வேலை. மெயின் சுவிட்ச்சை அணைத்து, வால்வை மூடி, பம்பு உடலைக் கழற்றி, இம்பெல்லரை எடுத்து, பழைய சீலை உருவ வேண்டும். ஷாஃப்ட்டைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புதுச் சீலை ஏற்ற வேண்டும். மெருகேற்றிய முகங்களில் விரலோ கிரீசோ படக்கூடாது. மூடியபின் மின்விசிறிப் பக்கம் கையால் சுற்றிப் பார்த்து, உடலுக்குள் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் கரண்ட் போட வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்து, காய்ந்த பம்பை ஓட்டிப் புதுச் சீலைப் பத்து நிமிடத்தில் கருக்கிவிட்டு, "சீல் மட்டம்" என்று நம் கடைக்குத் திரும்பக் கொண்டு வருபவர்கள் உண்டு. பொட்டலத்தோடு இதைத் தமிழில் நாலு வரி அச்சடித்துக் கொடுத்தால் செலவு பைசாக் கணக்குதான்.

எல்லாப் பம்பையும் ரிப்பேர் செய்யச் சொல்லுங்கள் என்றும் நாம் கூறவில்லை. சீல் உட்காருமிடத்தில் ஷாஃப்ட் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் எந்தச் சீலும் நிற்காது. ஏற்கெனவே காயில் கட்டிய மோட்டார் மறுபடி நனைந்திருந்தால் விட்டுவிடலாம். உப்புத் தண்ணீரில் வார்ப்பு அரித்து, உள்ளே பொருக்குப் பொருக்காக உதிரும் பம்புக்குச் செலவு செய்வது வீண். வாரண்டிக் காலத்தில் இருக்கும் பம்பை நாமோ நம் மெக்கானிக்கோ திறக்கவே கூடாது, அட்டையைப் பார்த்துக் கம்பெனி சர்வீசுக்கு அனுப்ப வேண்டும். காய்ந்து ஓடியதால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்று பல அட்டைகளில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதை விற்கும்போதே படித்துச் சொல்லிவிடுவது நமக்கு நல்லது. இப்படிப்பட்ட இடங்களில் "மாற்றுங்கள்" என்று துணிந்து சொல்லலாம். நேற்று ஒருவருக்குச் சீல் போதும் என்று சொல்லி அனுப்பிய கடைக்காரர் இன்று மாற்றச் சொன்னால் அந்த வார்த்தையை நம்புவார்கள்.

சரக்கின் தரத்துக்கு வருவோம். சந்தையில் ஒரே பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும் சீல்கள் பல விலையில் கிடைக்கின்றன. மட்ட ரகத்தில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். இன்னும் மோசம், பெயர்பெற்ற கம்பெனியின் பெட்டியில் வரும் போலிகள். "வாடிக்கையாளர் விலை குறைவாகத்தான் கேட்கிறார்" என்பது பதில் ஆகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், பொருளின் குறைபாட்டால் ஏற்படும் தீங்குக்குத் தயாரிப்பாளரோடு விற்பனையாளரையும் பொறுப்பாக்கும் பிரிவுகள் இருக்கின்றன. யார் தயாரித்தது என்று காட்ட முடியாத சரக்கை விற்பவர் அந்த வழக்கில் தனியாக நிற்க வேண்டியிருக்கும். சின்னச் சாமான்தானே என்று பில் போடாமல் கொடுப்பதையும் நிறுத்திக்கொள்வது நல்லது. கொள்முதல் பில் நம் கையிலும் விற்பனை பில் அவர் கையிலும் இருப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சில்லறைக் கடைக்காரர் சீல் வைத்துக்கொள்ளாததற்கு அவர் ஆர்வமின்மை மட்டும் காரணமல்ல, அளவுக் குழப்பமும் காரணம். வீட்டுப் பம்புகளில் அதிகம் வருவது 12 மி.மீ., அரை அங்குலம், ஐந்தெட்டு, முக்கால் அங்குலம் ஆகிய ஷாஃப்ட் அளவுகள். ஆனால் ஒரே ஷாஃப்ட் அளவிலும் நிற்கும் வளையத்தின் வெளிவிட்டமும் உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகின்றன. ஆகவே பழைய சீலின் இரண்டு பாகத்தையும் கொண்டுவரச் சொல்வதுதான் வழி. அளவுக்குப் பத்தாக ஒரு கலவைப் பெட்டி, விற்காததை ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு, இந்த இரண்டையும் செம்புதாஸ் தெரு மொத்தக் கடைகளும் கோவை டீலர்களும் கொடுத்தால் தாலுகாக் கடையில்கூடச் சீல் கிடைக்கும். பம்புக்குப் பெயர் வாங்கிய கோவையின் பெரிய, சிறிய தொழிற்சாலைகள் எல்லாம் நமக்கு ஒரு மணி நேரம், ஒரு இரவுப் பயணத் தூரத்தில் இருக்கும்போது, மூன்று அங்குலச் சாமானுக்காக நான்கு வாரம் காத்திருப்பது என்ன நியாயம்?

தயாரிப்பாளர்களிடம் நமக்குள்ள மனக்குறையும் இதுவே. மாடலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், பழைய மாடலின் ஓ-ரிங் அளவைக் கேட்டால் பதில் இல்லை. சில புது பூஸ்டர்களில் உடலை ஒட்டியே மூடிவிடுகிறார்கள், திறந்தால் உடைகிறது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. பம்புக் கம்பெனிகளும் உதிரிபாகப் பட்டியலையும் விலையையும் வெளிப்படையாக வைக்க வேண்டும் என்று வியாபாரிகளாகிய நாம்தான் கேட்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல் தண்ணீர்ப் பம்புகளின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தபோது நாம் எல்லோரும் குரல் கொடுத்தோம். அந்தக் குரலில் கால் பங்கை உதிரிபாகங்களுக்காகவும் கொடுக்கலாம்.

கோடையில் தொட்டிகள் அடிக்கடி காலியாகும், பம்புகள் காய்ந்து ஓடும், ஏப்ரல் கடைசியிலிருந்து சீல் கேட்டு வருவார்கள். பிப்ரவரி மாதமே உங்கள் பகுதியில் அதிகம் விற்ற நான்கைந்து மாடல்களின் சீல், கேஸ்கெட், ஓ-ரிங் அளவுகளைப் பட்டியலிட்டு மொத்தக் கடைக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள். எந்தக் கம்பெனி எந்த உதிரிபாகத்தைத் தர மறுத்தது அல்லது தாமதித்தது என்பதை மாடல் எண்ணோடும் ஆர்டர் தேதியோடும் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடிதங்கள் வந்து சேர்ந்தால் அவற்றைத் தொகுத்து அந்தந்தக் கம்பெனியின் விற்பனை மேலாளரிடம் சங்கத்தின் சார்பில் நேரில் கொடுப்பதாக இருக்கிறோம்.